சாவி ஒன்று, திரும்பி வர வேண்டியது

ஜெசிந்தா கையசைத்தாள். நானும் கையசைத்தேன்.

பனி விலகாத காலை. மார்கழியா தையா என்று இப்போது சரியாக நினைவில்லை. புதுவாயல் கூட்ரோட்டில், ஹைவேயின் இந்தப் பக்கம் நான் ஏறிய கம்பெனி பஸ். அந்தப் பக்கம் அவளை இறக்கிவிட்டுப் போன இன்னொரு கம்பெனி பஸ். நடுவில் மஞ்சள் விளக்கை அணைக்க மறந்த லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பனிக்குள்ளிருந்து வந்து பனிக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தன.

இரவு முழுக்க நின்று வேலை பார்த்த கால்களோடு அவள் ரோட்டோரம் எம்பி எம்பி இரண்டு கைகளையும் ஆட்டினாள். இன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நானும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, விரல்களை விரித்து, நன்றாகவே ஆட்டினேன்.

பஸ் கிளம்பியது. அவள் சின்னதாகி, பனியில் கரைந்து போனாள்.

என் பையில் எங்கள் வீட்டுச் சாவி இருந்தது. வீட்டுக்கே அது ஒன்றுதான்.

கைக்குக் கை

நானும் ஜெசிந்தாவும் அப்போது புதுவாயலில் ஒரு வீட்டில் குடியிருந்தோம். வீடு என்றால் ஒரு அறை, ஒரு சமையல் மேடை, வாசலில் இரும்பு கேட். எனக்கு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை, காலை எட்டு மணி ஷிப்ட். அவளுக்கு வேறொரு கம்பெனியில் ஒயர் பின்னும் வேலை, எப்போதும் நைட் ஷிப்ட். ஒரே கட்டிலில் அவள் பகலில் படுப்பாள், நான் இரவில் படுப்பேன். ஞாயிற்றுக்கிழமைதான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் முழுதாகப் பார்ப்போம்.

வீட்டுக்கார அம்மா முதலில் இரண்டு சாவி கொடுத்திருந்தார். ஒன்றை மூன்றாம் மாதமே நான் தொலைத்துவிட்டேன். அம்மா வீட்டுக்குப் போன அன்று செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கும்போது இருந்தது, ஆட்டோ பிடிக்கும்போது இல்லை. வீட்டுக்கார அம்மா பக்கத்துக் கிராமத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து நின்றார்.

"இன்னொரு வாட்டி தொலைச்சா நான் பூட்ட மாத்தமாட்டேன், ஆள மாத்திடுவேன். டூப்ளிகேட் போடக் கூடாது. கடையில குடுத்து வெக்கக் கூடாது. பொம்பளப் புள்ளைங்க இருக்கற ஊடு. கைக்குக் கைதான் மாறணும், இன்னா?"

அன்றிலிருந்து அதுதான் எங்கள் வழக்கம். காலை ஏழு பத்துக்கு இரண்டு பஸ்ஸும் கூட்ரோட்டில் சந்திக்கும். முந்தின ஸ்டாப்பில் நான் ஏறி வரும் பஸ் அங்கே இரண்டு நிமிடம் நிற்கும். அதற்குள் அவள் ஓடி வருவாள், நான் ஜன்னல் வழியாகச் சாவியை நீட்டுவேன். அவள் உள்ளங்கை எப்போதும் சில்லென்று இருக்கும். சாயங்காலம் நான் வரும்வரை அவள் வீட்டிலேயே இருப்பாள். ஒரு நாளைக்கு நாங்கள் தொட்டுக்கொள்வது அந்த ஒரு தடவைதான். பேச்சும் அவ்வளவுதான். "சாம்பார் இருக்குது." "தண்ணி வரல." "தூங்குடி."

அன்றைக்கு மட்டும் அவள் ஓடி வரவில்லை. லாரிகள் விடவில்லை. அதனால்தான் எம்பி எம்பிக் கையை ஆட்டினாள்.

கப்பலில் வந்தது

நான் ஏன் கவனிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

வீட்டில் புழங்கும் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று துருவிப் பார்க்கும் பைத்தியம் எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. கையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். ஜெசிந்தா என்னை 'டிக்ஷ்னரி' என்றுதான் கூப்பிடுவாள். அந்த வாரம் நான் பிடித்த சொல், சாவி.

கடைசி சீட்டில் என் பக்கத்தில் சபிதா இருந்தாள். ஒடிசாவிலிருந்து வந்த பெண், பேக்கிங் பிரிவு. "உங்க ஊர்ல இதுக்கு இன்னா பேரு?" என்று சாவியை எடுத்துக் காட்டினேன். "சாபி, தீதி," என்றாள். அக்கா என்பதற்கு அவள் சொல்வது தீதி. இந்தியிலும் சாபியாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாவியைப் பையில் போட்டுவிட்டு நோட்டை எடுத்தேன். அந்த நேரத்தில்தான் பஸ் கூட்ரோட்டில் நின்றது.

சாவி நம் சொல் இல்லை. நம்முடையது திறவுகோல். தாழ்க்கோல் என்றும் சொல்லியிருக்கிறார்கள். கோல் என்றால் நீளமாக, கனமாக, தாழ்ப்பாளுக்குள் விட்டுத் தள்ளுகிற ஒன்று என்று கற்பனை செய்துகொள்வேன். இடுப்பில் செருகிக்கொள்ளும் சின்னஞ்சிறு உலோகத் துண்டு கடல் தாண்டி வந்தபோது, தன் பேரையும் கூடவே கொண்டு வந்துவிட்டது. போர்த்துகீசியர்கள் 'சாவே' மாதிரி ஏதோ சொல்லியிருக்கிறார்கள். நாம் வாயில் போட்டு மென்று சாவி ஆக்கிவிட்டோம்.

அவர்கள் வந்து இறங்கிய இடங்களில் ஒன்று பழவேற்காடு. எங்கள் புதுவாயலிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். ஏரிக்கரையில் நின்று பார்த்தால் தண்ணீரும் வானமும் எங்கே ஒட்டுகின்றன என்று தெரியாது. அந்த வெளுப்புக்குள்ளிருந்து ஒரு கப்பல் வருகிறது. அதிலிருந்து ஒருவன் இறங்குகிறான். இடுப்பில் ஒரு கொத்து கிலுகிலுக்கிறது. மீன் கூடையோடு நிற்கும் ஒருத்தி, "அது இன்னா?" என்று மோவாயால் கேட்கிறாள். அவன் சொல்கிறான். அவள் சொல்லிப் பார்க்கிறாள். இருவருக்கும் சிரிப்பு வருகிறது. இதற்கெல்லாம் ஆதாரம் எதுவும் கிடையாது. அந்தச் சிரிப்பு மட்டும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஜன்னலும் அங்கிருந்து வந்ததுதான். அலமாரியும்தான். நான் கையை நீட்டி ஆட்டிய ஜன்னல், என் பையில் தூங்கிய சாவி, ஜெசிந்தாவின் சான்றிதழ்கள் மேலே இருந்த அலமாரி. மூன்றும் ஒரே கடல் வழியாக வந்தவை. அன்று காலை அவை மூன்றும் ஒன்றையொன்று பார்க்க முடியாத தூரத்தில் கிடந்தன.

அலமாரியின் மேல்

ஆமாம், சான்றிதழ்கள்.

அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் ஜெசிந்தா திருவள்ளூரில் இருக்க வேண்டும். பள்ளிக்கூட ஆய்வக உதவியாளர் வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் இல்லையென்றால் இடம் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மறுபடி எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவள் கம்பெனியில் காகிதம் எதையும் உள்ளே விடமாட்டார்கள். அதனால் ஃபைலை பிளாஸ்டிக் கவரில் சுற்றி அலமாரியின் மேல் வைத்திருந்தாள். ஏழு பத்துக்குச் சாவி, முகம் கழுவி உடை மாற்றல், ஏழே முக்கால் பஸ், பெரியபாளையத்தில் மாறி திருவள்ளூர். ஒரு வாரமாக இதையே விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"வேல கெடச்சா இன்னாடி பண்ணுவ?" என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டிருந்தேன்.

"ராத்திரியில தூங்குவேன்," என்றாள். "ராத்திரின்னா ராத்திரி மாரி இருக்கணும்டி. மூணு வருசமா எனக்கு ராத்திரியே கெடையாது."

பதராய்ப் போனது

ஒரு சொல்லைப் பிடித்தால் அது தன் சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்துவிடும்.

வயலில் ஒரு சாவி இருக்கிறது. கப்பலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கதிர் வந்து, பால் பிடிக்காமல், உள்ளே ஒன்றுமில்லாமல் வெளுத்து நிமிர்ந்து நிற்கும் நெல்லுக்கு அந்தப் பேர். சாவு என்கிற சொல்லின் பக்கத்திலேயே அதை உட்கார வைக்கிறார்கள். என் அம்மா அதைக் கண்ணால் பார்த்துச் சொல்லமாட்டாள், கையால் சொல்வாள். கல்யாணமான புதிதில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குக் கதிர் அறுத்தவள். இப்போது ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிறாள். ஆனாலும் ரோட்டோரம் நெல் காயப் போட்டிருந்தால் குனிந்து ஒரு கை அள்ளி, உள்ளங்கையில் வைத்து ஊதுவாள். பறந்தது போக மிச்சத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள். "பாதி சாவி," என்பாள், யாரோ தெரிந்தவர் உடம்புக்கு முடியாததைச் சொல்வது போல.

காக்களூரில் லேத் ஓட்டும் என் அப்பாவிடம் இன்னொன்று. சுற்றும் வாய்க்குள் இரும்பைப் பிடித்து இறுக்க 'சக் சாவி' வேண்டும். இறுக்கியதும் அதை உருவிவிட்டுத்தான் மெஷினைப் போட வேண்டும். மறந்தால் அது குண்டு மாதிரி பறந்து எவர் மண்டையிலாவது அடிக்கும். அதனால் இறுக்கும்போது சாவியிலிருந்து கையை எடுக்கவே மாட்டார் அப்பா. யாராவது கூப்பிட்டால்கூடக் கழுத்துதான் திரும்பும். கை அங்கேயே இருக்கும்.

அவருக்குப் பிறந்த பெண்தான் நான்.

பொருள் போகலாம், ஆள் போக முடியாது

கம்பெனிக்குள் போகும் முன் போனை கேட்டில் கொடுத்துவிட வேண்டும். பஸ்ஸில் ஏறியதுமே அதை அணைத்துவிடுவது என் பழக்கம். உடை மாற்றும் அறையில் வளையல், சேஃப்டி பின், பேனா எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும். பிஸ்கட்டில் எதுவும் விழக் கூடாதல்லவா. நான் பையைக் கவிழ்த்தேன். சாவி டைல்ஸில் விழுந்து இரண்டு முறை துள்ளியது.

சபிதாதான் முதலில் பார்த்தாள். "தீதி… சாபி குடுக்கல?"

அந்தக் கையாட்டல் இப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சூப்பர்வைசரிடம் ஓடினேன். "ஹெச்.ஆர். ஒம்போதரைக்குத்தான் வருவாங்க. அவங்க கையெழுத்து இல்லாம ஆள் வெளிய போவ முடியாது," என்றார்.

"ஆள் போவ வேணாம் சார். சாவி போனாப் போதும்."

அவர் கேட் பாஸ் புத்தகத்தை எடுத்தார். "பொருளா? பொருளுன்னா நானே போடலாம்."

சீட்டை வாங்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன். செக்யூரிட்டி அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டு பெரிய ரிஜிஸ்டரைத் திறந்தார்.

"அண்ணே, மொதல்ல போன் வேணும்."

"போன உள்ள ஆன் பண்ணா உனுக்கும் பேஜாரு, எனுக்கும் பேஜாரு. நம்பரச் சொல்லு, நான் போடறேன்."

வாயைத் திறந்தேன். ஜெசிந்தாவின் நம்பர் எனக்குத் தெரியாது. பேரைத் தொட்டுத்தான் பழக்கம்.

"கூடவே தங்கிக்கினு இருக்கற பொண்ணு நம்பர் தெரியாதா? தெனமும் நோட்டுல அப்டி இன்னாதான் எழுதிக்கினு இருக்கற நீ?"

அவர் பேனாவைத் திறந்தார்.

"பொருள் இன்னா?"

"சாவி."

"எத்தினி?"

"ஒண்ணு."

"ரிட்டர்னபிளா, நான்-ரிட்டர்னபிளா?"

வெளியே போகிற எந்தப் பொருளுக்கும் அந்தக் கேள்வி உண்டு. ரிப்பேருக்குப் போகும் மோட்டார் திரும்பி வரும். பழைய இரும்புக்குப் போவது திரும்பி வராது. திரும்பி வர வேண்டியது வரும்வரை ரிஜிஸ்டரில் அந்த வரி அடிக்கப்படாமல் நிற்கும்.

"தெரியலண்ணே," என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. இதற்குப் பிறகு ஜெசிந்தா என்னோடு ஒரு வீட்டில் இருப்பாளா என்று நான் எப்படிச் சொல்வது?

அவர் என் முகத்தைப் பார்த்தார். 'ரிட்டர்னபிள்' என்று அவராகவே எழுதிக்கொண்டார்.

சென்னைக்குப் பிஸ்கட் ஏற்றிக்கொண்டிருந்த லாரியின் டிரைவர் சீனையா. தடா பக்கத்து ஆள். தினமும் புதுவாயல் கூட்ரோட்டில், எங்கள் பஸ் நிற்கும் இடத்திலுள்ள ஈஸ்வரி அக்கா டீக்கடையில்தான் டீ குடிப்பார். நான் அழுதுகொண்டே விவரம் சொன்னேன்.

"தாளஞ்செவியா? குடு அம்மாயி. ஏடவொத்து. அழாத."

"எப்போ கெளம்புவீங்க நைனா?"

"லோடு முடியணும். ஒம்போதாவும்."

தாளஞ்செவி. தெலுங்கில் தாளம் என்றால் பூட்டு. அந்தச் செவியும் நம் சாவியின் சொந்தம்தான். சொன்னால் யாரும் மன்னிக்கமாட்டீர்கள், அந்த நிலையிலும் என் கை பேனாவைத் தேடிப் பைக்குப் போனது. நல்ல வேளை, பேனா உடை மாற்றும் அறையில் கிடந்தது.

கடையில் கொடுக்கக் கூடாது, கைக்குக் கைதான் மாற வேண்டும் என்ற வீட்டுக்கார அம்மாவின் சட்டம் அன்றைக்கு ஆந்திரக்காரர் ஒருவரின் சட்டைப் பையில் ஏறி உட்கார்ந்தது.

மெதுவாக நகர்ந்த பகல்

அதன்பின் எனக்கு எந்தத் தகவலும் இல்லை. எட்டு மணி நேரம் பிஸ்கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெல்ட்டில் வரிசை வரிசையாக, சூடாக, வெண்ணெய் வாசனையோடு அவை வந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் சின்னச் சின்ன ஓட்டைகள். பார்க்கப் பார்க்க அவையெல்லாம் சாவித் துவாரங்களாகின. ஆயிரக்கணக்கான பூட்டுகள் எனக்கு முன்னால் மிதந்து போய்க்கொண்டிருந்தன, திறக்க ஒன்றுமில்லாமல்.

சீனையா டீக்கு நிற்காமல் போயிருந்தால்? ஜெசிந்தா கடைப் பக்கம் வராமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தால்? பூட்டை உடைக்கலாமே என்று நினைப்பீர்கள். அது இரும்புப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் பூட்டு, சுத்தியல் இறங்காது. பூட்டு ரிப்பேர் கடை பத்து மணிக்கு முன் திறக்காது.

நாலரைக்குப் போனை வாங்கினேன். ஆன் செய்ததும் இருபத்தாறு மிஸ்டு கால் என்று மெசேஜ் வந்தது. கடைசி அழைப்பு ஒன்பதே காலுக்கு. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப்.

ஒற்றைச் செருப்பு

புதுவாயலில் இறங்கியதும் ஈஸ்வரி அக்கா கடையிலிருந்தே கத்தினார்.

"வாம்மா மகராசி! கை ஆட்னியாமே?"

"அக்கா, சாவி வந்துச்சா?"

"வந்துச்சி வந்துச்சி. லாரி நின்னுச்சி, அந்தாளு எறங்கக்கூட இல்ல, சாவியத் தூக்கிக் காட்டிக்கினு 'ஜெசிந்தா யாரு, ஜெசிந்தா யாரு'ன்னு ஏலம் உட்டாரு. இந்தப் பொண்ணு இங்கதான் பெஞ்சில குந்திக்கினு இருந்துச்சி. நாஷ்டா துன்னல, டீ குடிக்கல. புடுங்கிக்கினு ஓடிச்சி பாரு… இந்தா."

பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒற்றைச் செருப்பை எடுத்துக் கொடுத்தார்.

"பஸ்ஸப் புடிச்சாளா அக்கா?"

"அத நான் பாக்கலம்மா. அடுப்புல பால் பொங்கிடுச்சி."

வீடு பூட்டியிருந்தது. காலையில் அவளுக்குத் திறக்காத அதே வாசலில், அந்தச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதன் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. நின்றுகொண்டே வேலை செய்பவர்களின் செருப்பு அப்படித்தான் தேயும். ஹைவே சத்தம் அலை மாதிரி வந்து வந்து போனது. கண்ணை மூடினால் ஏரிக்கரையில் இருப்பது போலவே இருந்தது.

இருட்டும் நேரத்தில் அவள் வந்தாள். என்னைத் தாண்டி, பூட்டைத் திறந்து, ஃபைலை அலமாரியின் மேல் வைத்தாள். ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே குடித்தாள்.

"ஜெசி…"

"எனக்கப்புறம் நாலு பேரத்தான் உட்டாங்கடி. அவ்ளோதான். அஞ்சாவதா ஒரு அண்ணன் ஓடியாந்தாரு. ஜன்னல மூடிட்டாங்க."

எனக்கு மூச்சு வந்தது.

"அந்த அண்ணன் மூஞ்சியப் பாத்தேன். அது நானு," என்றாள். பிறகு குரல் உடைந்தது. "நான் அங்க நின்னு சாவி சாவின்னு கத்திக்கினு இருக்கேன், நீ மகாராணி மாரி கை ஆட்ற! எவ்ளோ அழகா ஆட்ற!"

அழுதாள். நான் செருப்பை நீட்டினேன். அதை வாங்கி என் முதுகில் ஒன்று வைத்தாள். நன்றாகவே வலித்தது.

"இனிமே உன் கையில சாவி கெடையாது," என்றாள். "ஈஸ்வரி அக்கா கடையில இருக்கும். நீயும் போய் கேட்டு வாங்கு, நானும் கேட்டு வாங்கறேன். ஊட்டுக்காரம்மா கேட்டா நான் பேசிக்கறேன்."

ஆணியில் தொங்கியது

வீட்டுக்கார அம்மா பத்து நாளில் வந்தார். டீக்கடை ஆணியில் சாவி தொங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். ஜெசிந்தா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் சண்டை போடவில்லை. கதிர் வந்த நேரத்தில் பெய்த மழை அவருடைய இரண்டு ஏக்கரையும் வெளுக்க வைத்திருந்தது. சேலை முந்தானையில் ஒட்டியிருந்த பதரைத் தட்டிவிட்டுக்கொண்டே, "மொத்தமும் சாவியாப் போச்சிம்மா," என்றார். போகும்போது, "கடையிலயே இருக்கட்டும் போ," என்றார்.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் நான் கடையில் கை நீட்டி நின்றேன். "இன்னா, கை ஆட்றியா, கை நீட்றியா?" என்று ஈஸ்வரி அக்கா ஒரு நாளும் கேட்காமல் விட்டதில்லை. காலையில் கேட்டில் செக்யூரிட்டி அண்ணனின் முறை. "உன் சாவி ரிட்டர்ன் ஆச்சா?"

"இன்னும் இல்லண்ணே."

"லைன் தொறந்தே கெடக்குது, பாத்துக்க."

ஒரே வீட்டில்தான் இருந்தோம். சாம்பாரும் தண்ணீரும் பற்றிய செய்திகள் இப்போது போனில் வந்தன. ஏழு பத்துக்கு இரண்டு பஸ்ஸும் எதிரெதிரே நின்றன. அவள் என் ஜன்னலுக்கு ஓடி வருவதற்கு இப்போது காரணம் எதுவும் இல்லை.

வெயில் ஏறிய ஒரு மாதத்தில் அவளுக்கு ஆர்டர் வந்தது. திருவள்ளூரிலேயே ஒரு அறை பார்த்துக்கொண்டாள்.

கிளம்பிய அன்று இரண்டு பைகளையும் நான்தான் தூக்கி வந்தேன். பெரியபாளையம் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. டிரைவர் வண்டியை எடுத்தார். அப்போதுதான் ஜன்னல் வழியாக ஒரு கை வந்தது. விரல்கள் மூடியிருந்தன. நான் கூடவே நடந்து உள்ளங்கையை நீட்டினேன். சில்லென்றிருந்தது அவள் கை, அந்த வெயிலிலும்.

சாவி. காலையிலேயே ஈஸ்வரி அக்காவிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள்.

பஸ் வேகம் பிடித்தது. நான் நின்றுவிட்டேன். அவள் தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தாள். வழக்கம் போல் என் கை உயர்ந்தது.

"ஏய் டிக்ஷ்னரி!" என்று கத்தினாள். "கைய ஆட்டாத! சாவியக் காட்டு!"

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சாவியை இரண்டு விரல்களில் பிடித்து, தலைக்கு மேல் உயர்த்தி, ஆடாமல் நின்றேன், பஸ் வளைவில் திரும்பும்வரை.